காரணம் கேட்கிறார்கள்

கிருஷ்ணகிரி
9.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹேமா எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் சௌக்கியம். உங்கள் காது எப்படி இருக்கிறது? மெஷினை மாட்டிக்கொள்கிறீர்களா, இல்லை அண்ணிக்குப் பயந்து மாட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பத்து நிமிஷம் பேசினேன். நீங்கள் கடைசிவரை "சாப்டாச்சு, சாப்டாச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இருபத்தைந்து வருஷம் நாலு விசைத்தறிக்கு நடுவில் நின்ற காது, என்ன செய்யும் பாவம். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் பிள்ளை விக்னேஷ்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறான். எல்லாவற்றையும் அவன் படிக்க வேண்டாம். அதனால்தான் தபால்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றே பேஜார். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் தாளாளர், பெண் ஆசிரியர்கள் எல்லோரும் இனிமேல் சேலையில்தான் வர வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார். போன வருஷம் வரை பாதிப் பேர் சுடிதார்தான். நான் மூன்று வருஷமாகச் சுடிதார். அரசு ஊழியர்களுக்கான ஆணையிலேயே சேலையோடு சுடிதாரும் இருக்கிறது. அதைக் காட்டினால், இது உதவி பெறும் பள்ளி, நிர்வாகம் எங்களுடையது என்கிறார்.

எனக்குச் சுடிதார் அணிய அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. உங்களிடம் சொல்லி வைக்கத் தோன்றியது. அண்ணியையும் விக்னேஷையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை
ஹேமலதா

*

சேவூர், ஆரணி
21.6.2025

அன்புத் தங்கை ஹேமாவுக்கு,

அண்ணன் பச்சையப்பன் ஆசீர்வாதம். இங்கே எல்லோருக்கும் உடம்பு பரவாயில்லை. மெஷின் காதில்தான் இருக்கிறது. அதில் தறிச் சத்தமும் உன் அண்ணி சத்தமும்தான் நன்றாகக் கேட்கின்றன. எது கேட்கக் கூடாது என்று நினைத்தேனோ அது.

நீ எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். உங்கள் தாளாளர் யாரோ, அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். ஏனென்றால் எங்கள் சங்கத்தில் இப்போது அதே பேச்சுதான். பட்டுச் சேலை உற்பத்தியாளர் சங்கத்துக்கு இந்த வருஷம் நான் செயலாளர், உனக்குத் தெரியும். அரசாங்க வேலையிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் இருக்கிற பெண்கள் வேலை நாளில் சேலைதான் கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் போடச் சொல்லி மனு தயார் செய்கிறோம். அறிவிப்பு, சுற்றறிக்கை எல்லாம் போதாது. சட்டமே வேண்டும்.

நிலைமை உனக்குத் தெரியாது. என் நாலு தறியில் இரண்டு நிற்கிறது. ஓட்டுகிற ஆட்கள் காலையில் செய்யாறு ஷூ கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். சூரத்திலிருந்து டாப்ஸ் லாரி லாரியாக இறங்குகிறது. கல்யாணத்துக்கு ஒரு சேலை எடுத்தால் அதோடு சரி, அதற்கப்புறம் பத்து வருஷம் கடைப் பக்கம் வருவதில்லை. டீச்சர்களே கட்டாவிட்டால் வேறு யார் கட்டுவார்கள்?

உடுப்புக்குச் சட்டமா என்று கேட்காதே. மெட்ராஸில் ஒரு கிளப்புக்குச் சாம்பிள் சேலை எடுத்துப் போனபோது வேட்டி கட்டியிருந்தேன் என்று வாட்ச்மேன் என்னை வாசலிலேயே நிறுத்தினான். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒன்றரை மணி நேரம் மூட்டையோடு நின்றேன். அப்புறம் வேட்டிக்குச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகுதான் மரியாதை வந்தது. நீ நெசவுக்காரன் வீட்டில் பிறந்தவள். பிடிவாதத்தை விட்டுச் சேலை கட்டு.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

அண்ணன்
பச்சையப்பன்

*

கிருஷ்ணகிரி
2.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை தூறுகிறது. அவருக்குச் சளி, எனக்குக் கோபம். மற்றபடி நலம்.

வேட்டிச் சட்டத்தை நன்றாகப் படித்துப் பாருங்கள். வேட்டி கட்டியவனை வாசலில் நிறுத்தாதே என்றது அது. எல்லோரும் வேட்டிதான் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. நீங்கள் கேட்பது வேறு. அன்றைக்கு உங்களை நிறுத்திய வாட்ச்மேன் வேலையை அரசாங்கம் செய்ய வேண்டும் என்கிறீர்கள், என்னைப் போன்றவர்களை நிறுத்துவதற்கு.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணி நைட்டியில்தான் நூல் சுற்றுகிறார். நீங்கள் லுங்கியில் உட்கார்ந்துதான் இந்த மனுவை எழுதியிருப்பீர்கள். விக்னேஷ் முக்கால் பேண்ட்டோடு சேலைக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் மூன்று பேருக்கும் என்ன சட்டம்?

தறி நிற்பது எனக்கு வருத்தம் இல்லையா? அந்தத் தறிதான் என்னைப் பி.எட். படிக்க வைத்தது. ஆனால் தறி நிற்பதற்குத் தீர்வு என் உடம்பு இல்லை.

எனக்கு மெமோ வந்துவிட்டது. சுடிதார் அணிவதற்கான காரணத்தை விளக்குமாறு கேட்டிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. சொல்ல மாட்டேன். பதினெட்டு வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், என் பிள்ளைகள் யாரும் தோற்றதில்லை. உடம்பை மூடி ஒழுங்காக ஒரு துணி போட்டுக்கொள்ள ஆம்பளை ஒருத்தரிடம் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

பதில் வரும்வரை சேலையில் வரச் சொல்கிறார்கள். கட்டிக்கொண்டுதான் போகிறேன். தயவுசெய்து இந்த மனு விஷயத்தில் என்னை இழுக்காதீர்கள். அண்ணியை ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள்.

ஹேமலதா

*

சேவூர், ஆரணி
28.7.2025

அன்புத் தங்கைக்கு,

ஆடி மாதத் தள்ளுபடி வேலையில் பதில் தாமதமாகிவிட்டது. நானும் அண்ணியும் நலம். மாப்பிள்ளை சளிக்கு மிளகு ரசம் வைத்துக் கொடு.

மனுவைக் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டோம். முன்னூற்றுப் பன்னிரண்டு பெண்கள் கையெழுத்து! அதில் வேலைக்குப் போகிற பெண்களே அறுபது பேர். பேப்பர்காரர்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். கல்வி அலுவலகங்களுக்கும், பள்ளி நிர்வாகங்களுக்கும் பிரதி அனுப்பியிருக்கிறோம். பெண்களே கேட்கிறார்கள் என்றால் அரசாங்கம் தட்ட முடியாது, பார். நம் குடும்பப் பெயர் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வாட்ச்மேன் என்று எழுதியது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, சரி போகட்டும். ஏதோ காரணம் என்கிறாய். அண்ணனிடம் சொல்வதற்கு என்ன? ஸ்கூட்டி ஓட்டச் சிரமமா? பின் குத்தத் தெரியவில்லையா? சொன்னால்தானே தெரியும்.

உனக்கென்று கனமே இல்லாமல் ஒரு மென்பட்டு நெய்து பார்சல் போட்டிருக்கிறேன். மயில் கழுத்து நிறம், சின்னக் கரை. பள்ளிக்கூடத்துக்கு ஏற்றது. கட்டிப் பார், கட்டியிருப்பதே தெரியாது.

அண்ணன்
பச்சையப்பன்

*

கிருஷ்ணகிரி
6.8.2025

அண்ணாவுக்கு,

உங்கள் நலத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. அண்ணி நன்றாக இருக்க வேண்டும்.

நேற்று விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தாளாளர், நிர்வாகக் குழுவில் இரண்டு பேர், தலைமை ஆசிரியை பரிமளா மேடம். நான் வாயைத் திறப்பதற்குள் தாளாளர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். உங்கள் மனு. முதல் பெயர் என்னுடையது. என் பதவி, என் பள்ளியின் பெயர், பக்கத்தில் கையெழுத்து. "சேலையைக் கட்டாயமாக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதியிருக்கீங்க. இங்க வந்து சுடிதார் வேணும்றீங்க. எதும்மா பொய்?" என்று கேட்டார்.

கையெழுத்துக்குக் கீழே கோடு இழுத்து இரண்டு புள்ளி வைப்பது நம் வீட்டில் யார் பழக்கம் என்று எனக்குத் தெரியும். என் பத்தாம் வகுப்பு மார்க் கார்டிலிருந்து பார்த்து வருகிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஊரில் ஒருத்தர் எனக்காகச் சட்டம் கேட்கிறார், இங்கே ஒருத்தர் அந்தச் சட்டத்தை இப்போதே போட்டுவிட்டார், இரண்டுக்கும் என் பெயர்தான் சாட்சி. இழுக்காதீர்கள் என்று நான் எழுதினேனே. அந்தக் கடிதம் கிடைத்த பிறகுதானே மனுவைக் கொடுத்தீர்கள்?

ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அந்தக் கையெழுத்து நான் போட்டது, என் தங்கைக்குத் தெரியாது என்று. அடுத்த விசாரணை இருபதாம் தேதி. நான் பொய் சொல்கிறவள் என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு இந்த வேலையில் நான் எந்த முகத்தோடு இருப்பது?

சேலைப் பார்சல் வந்தது. பிரிக்கவில்லை.

ஹேமலதா

*

சேவூர், ஆரணி
14.8.2025

அன்புத் தங்கை ஹேமாவுக்கு,

எல்லோரும் நலம்.

இவ்வளவு கோபம் ஆகாது. நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? உன் காலேஜ் விண்ணப்பத்தில் யார் கையெழுத்துப் போட்டது? உனக்கு ஜுரமாக இருந்தபோது வேலைவாய்ப்பு அலுவலகப் பாரத்தில் யார் போட்டது? அம்மா நூல் சுற்றிய கூலிக்குச் சங்கப் புத்தகத்தில் அப்பாதான் போடுவார், அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. நம் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தங்கை சம்மதிப்பாள் என்று அண்ணன் நினைத்தது தப்பா?

நீ கேட்கிற வரியை நான் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? மனு முழுக்கப் பொய் என்பார்கள். பேப்பரில் வந்த விஷயம். பொன்னுசாமி, முருகேசன் இவர்களெல்லாம் என்னை நம்பித்தான் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் எப்படி வாங்கினார்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

சுலபமான வழி இருக்கும்போது ஏன் தலையால் நடக்க வேண்டும்? உன் காரணம் என்னவென்று எனக்கு எழுது. நானே உங்கள் தாளாளருக்குப் பக்குவமாக ஒரு கடிதம் போடுகிறேன். இல்லையென்றால் கொஞ்ச நாள் சேலையைக் கட்டு. ஆறு கஜம் துணி, அது என்ன செய்துவிடும்?

அண்ணன்
பச்சையப்பன்

*

கிருஷ்ணகிரி
18.8.2025

அன்புள்ள அபிதா அண்ணிக்கு,

இதை உங்கள் தெரு லீலா அக்கா விலாசத்துக்கு அனுப்புகிறேன். தனியாகப் படியுங்கள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஆறு கஜம் துணி என்ன செய்துவிடும் என்று அண்ணன் கேட்கிறார். துணி எதுவும் செய்யவில்லை அண்ணி. நாடா செய்தது. பதினேழு வயதிலிருந்து பாவாடை நாடாவை இறுக்கி ஒரே இடத்தில் கட்டி, இடுப்பில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது. நம் எல்லோருக்கும் விழுவதுதானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் அரித்தது, வெடித்தது. மூன்று வருஷமாக அது புண். ஆறும், மறுபடி திறக்கும். பெங்களூர் ஆஸ்பத்திரியில் சதையை வெட்டிப் பரிசோதனை செய்தார்கள். இப்போதைக்குப் புற்று இல்லை, ஆனால் இனி அந்த இடத்தில் கயிறு படவே கூடாது, பட்டால் நான் பொறுப்பில்லை என்றார் டாக்டரம்மா. அதனால்தான் சுடிதார். இடுப்பில் எலாஸ்டிக்கை மேலே ஏற்றித் தைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் என் ரகசியம்.

ஜூனிலிருந்து சேலை கட்டுகிறேன். புண் திறந்துவிட்டது. பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு எட்டு பீரியட் நிற்கிறேன்.

இதைக் கூடப்பிறந்தவரிடம் எப்படி எழுதுவேன்? அந்த மூன்று ஆண்களிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் விடுவார்களாம். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

உங்கள்
ஹேமா

*

சேவூர்
23.8.2025

ஹேமா,

உன் அண்ணி எழுதுறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் திருத்திக்கோ, நீ டீச்சர்தானே.

படித்துவிட்டு நேரே குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். எனக்கும் இருக்கிறது அந்தக் கறுப்புப் பட்டை. லீலாவுக்கும் இருக்கிறது. அரிப்பு மட்டும்தான் என்கிறாள், ஜல்தி ஆஸ்பத்திரிக்குப் போடி என்று திட்டினேன். இத்தனை சேலை நெய்கிற தெருவில் இதைப் பற்றி ஒருத்தியும் ஒருத்தியிடம் பேசியதில்லை பார்.

அப்புறம் உன் அண்ணன் பீரோவிலிருந்து உன் கடிதங்களையும் மனுவோட பிரதியையும் எடுத்துப் பார்த்தேன். பதினாலாவது பேர் என்னுடையது. நான் போடவில்லை. லீலா போடவில்லை. எதிர்வீட்டுச் சின்னம்மா போடவில்லை. ஒரே பேனா, ஒரே மாதிரி கோடு. முன்னூறு பொம்பளைங்க கேட்டாங்களாம்.

அவரிடம் உன் உடம்பைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் பேசாமலும் இருக்க மாட்டேன். விசாரணை என்ன ஆச்சு? மருந்து போடு. நின்னுகினே இருக்காதே, நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் எடு.

அபிதகுசாம்பாள்

*

கிருஷ்ணகிரி
25.8.2025

அண்ணாவுக்கு,

இருபதாம் தேதி போய் வந்தேன். உங்களிடமிருந்து வரி வரும் என்று அன்று மதியம்வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது என் கையெழுத்து இல்லை என்று சொன்னேன். யார் போட்டது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அப்படியானால் போலிக் கையெழுத்து என்று போலீசில் புகார் கொடுத்து ரசீதைக் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுங்கள் என்றார்கள். செப்டம்பர் எட்டு வரை நேரம்.

புகார் கொடுத்தால் சேவூருக்குப் போலீஸ் வரும். எனக்கு இருப்பது ஒரு அண்ணன். கொடுக்காவிட்டால் நான் பொய்க்காரி. இந்த இரண்டில் எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். காது கேட்காது என்று தெரியும். படிக்கவாவது செய்யுங்கள்.

ஹேமலதா

*

சேவூர், ஆரணி
3.9.2025

அன்புத் தங்கை ஹேமாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ நலமாக இல்லை என்று மட்டும் உன் அண்ணி சொன்னாள்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று கொழுக்கட்டைத் தட்டுக்குப் பதிலாக மனுவை என் முன்னால் வைத்தாள். "பதினாலாவது பேரு யாருது? நான் எப்போ போட்டேன்?" என்றாள். காது கேட்காத மாதிரி இருந்தேன். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பெரிய எழுத்தில் அதையே எழுதி, என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "நடிச்சிகினு இருக்காதீங்க" என்று அதற்குக் கீழேயும் எழுதியிருந்தாள்.

மறுநாள் மனுவை எடுத்துக்கொண்டு நானே தெருவில் இறங்கினேன். வெட்டி ரோஷம்தான். கேட்டால் எல்லோரும் போடுவார்கள், அதை இவளுக்குக் காட்ட வேண்டும் என்று. முப்பது வீடு ஏறினேன். ஒன்பது பேர் போட்டார்கள். லீலா மனதாரப் போட்டாள், எங்களுக்கு வேலை வேண்டும் என்று சொல்லி. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சின்னம்மா காகிதத்தைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டாள். "என் பொண்ணு ஷூ கம்பெனிக்குப் பேண்ட்டு போட்டுகினு போய்தான் எனக்குச் சோறு போடுது. அதைக் கழட்டச் சொல்லி நான் கையெழுத்துப் போடணுமா?" என்றாள். மற்றவர்கள் வீட்டுக்காரர் வரட்டும் என்றார்கள்.

சங்கத்தில் சொன்னேன். நம் வீட்டுப் பொம்பளைங்களுக்கு நாம் போடாமல் பக்கத்து வீட்டுக்காரனா போடுவான் என்று பொன்னுசாமி எகிறினான். போன மாதம் நானும் அதைத்தான் உனக்கு எழுதினேன். அவன் வாயிலிருந்து கேட்டபோது அசிங்கமாக இருந்தது. செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

உங்கள் தாளாளருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி இதோடு இருக்கிறது. கையெழுத்து நான் போட்டது, தங்கை அறியாமல் போட்டது, வழக்கு என்றால் என் மேல் போடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். காரணத்தையும் சேர்த்து எழுதினால் அவர் இளகுவார் என்று அண்ணி சொன்னாள். என்ன காரணம் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. என் தங்கையைக் காரணம் கேட்க எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை என்று தாளாளருக்குக் கடைசி வரியாக எழுதினேன்.

தறி இன்னும் இரண்டுதான் ஓடுகிறது. அதற்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன்
பச்சையப்பன்

*

கிருஷ்ணகிரி
20.9.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம். பேசாமல் இருக்கிற அந்த இரண்டு பேரும் பேசிவிட்டார்களா?

உங்கள் கடிதம் எட்டாம் தேதிக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. தாளாளர் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். கையெழுத்து விஷயம் முடிந்தது, நீங்கள் பொய் சொல்லவில்லை என்று ஏற்கிறோம் என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே, ஆனால் விதி விதிதான், காரணத்துக்கு மருத்துவச் சான்று கொடுத்தால் விலக்கு தருகிறோம் என்றார்.

ஒரு வாரம் தாக்குப் பிடித்தேன். பரிமளா மேடம் கெஞ்சினார். உடம்பும் கெஞ்சியது, உட்காரக்கூட முடியவில்லை. சான்றை உறையில் போட்டு ஒட்டி, தாளாளர் நேரில் பிரிக்கவும் என்று மேலே எழுதிக் கொடுத்தேன். தோற்றுப்போய்த்தான் கொடுத்தேன்.

நேற்று ஆணை வந்தது. அலுவலக எழுத்தர் தருமன் தட்டச்சு செய்து, எப்போதும் சுற்றறிக்கை அனுப்புகிற நோட்டில் ஒட்டி, வகுப்பு வகுப்பாக அனுப்பிவிட்டார். கணித ஆசிரியை ஹேமலதா இடுப்பில் உள்ள ஆறாத புண் காரணமாகச் சுடிதார் அணிய அனுமதிக்கப்படுகிறார், மற்றவர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது. படித்ததற்கு அடையாளமாக ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது நோட்டு என்னிடம் வந்தது. எனக்கு முன்னால் இருபத்தாறு பேர் போட்டிருந்தார்கள், உடற்பயிற்சி சார் உட்பட. நானும் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது அண்ணா. திங்கட்கிழமையிலிருந்து சுடிதாரில் போகலாம். சாப்பாட்டு அறையில் எல்லோரும் இப்போது மிகவும் அன்பாக இருக்கிறார்கள், நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். எனக்கு அந்த நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டும் போல் இருக்கிறது.

நீங்கள் கேட்காமல் இருந்தீர்கள். ஊரெல்லாம் கேட்டது, நீங்கள் ஒருத்தர்தான் கடைசியில் கேட்காமல் விட்டீர்கள். அதனால் உங்களுக்கு மட்டும் நானாகச் சொல்கிறேன். இடுப்பில் புண், அண்ணா. பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில். மூன்று வருஷமாக இருக்கிறது.

தங்கை
ஹேமலதா